இரவல் நகை

கானா நாட்டின் குமாசி நகரத்தில் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகம் என்று ஒன்று இருக்கிறது. அரண்மனை என்றதும் தூண்களையும் கோபுரங்களையும் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாந்துபோவோம். மாடி வைத்த பெரிய வீடு, அவ்வளவுதான். அசாந்தே மன்னர் முதலாம் பிரெம்பேயை ஆங்கிலேயர் 1896இல் சிறைபிடித்தார்கள். பிறகு செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1924இல் அவர் திரும்பி வந்தபோது, குடியிருக்க அவர்களே கட்டிக் கொடுத்த வீடு இது. உங்கள் தானம் வேண்டாம் என்று கட்டிய செலவை அசாந்தே மக்கள் எண்ணிக் கொடுத்த பிறகே மன்னர் குடிபுகுந்தார் என்று அங்கே சொல்கிறார்கள்.

அந்த வீட்டுக்கு 2024இல் லண்டனிலிருந்து 32 பொருட்கள் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து 15, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலிருந்து 17. அரசவாள், பொன்னால் செய்த புகைக்குழல், மன்னரின் ஆன்மாவைத் தூய்மைப்படுத்தும் பணியாளர்கள் மார்பில் அணிந்த வட்டமான பொற்பதக்கங்கள். பெரும்பாலானவை 1874ஆம் ஆண்டுப் போரின்போதும் அதன் பிறகும் அசாந்தேக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. நூற்றைம்பது ஆண்டு கழித்து வீடு வந்திருக்கின்றன, ஆனால் இரவலாக. மூன்றாண்டுத் தவணை, வேண்டுமானால் இன்னும் மூன்றாண்டு நீட்டிக்கலாம். சேகரிப்பில் உள்ளதை நிரந்தரமாகக் கொடுத்துவிட 1963ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் மியூசியத்தை விடுவதில்லை. விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இத்தனைக்கும் அதே 2024இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் இருக்கும் ஃபௌலர் மியூசியம் ஏழு பொருட்களை நிபந்தனை இல்லாமல் கொடுத்துவிட்டது. மனம் இருந்தால் சட்டத்தைத் திருத்த எவ்வளவு நேரமாகும் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதில் இன்னொரு கதை இருக்கிறது. 1822இல் அசாந்தே மன்னர் ஓசெய் பொன்சு குமாசியில் கல்லால் ஒரு மாளிகை கட்டினார். லண்டனில் அரும்பொருட்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு காட்சிசாலை உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் அவருக்கு அந்த ஆசை வந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1874இல் உள்ளே நுழைந்த ஆங்கிலேயர்கள் பல மொழிப் புத்தகங்களையும் கடிகாரங்களையும் பாரசீகக் கம்பளங்களையும் பொஹீமியக் கண்ணாடிச் சாமான்களையும் பார்த்து வியந்திருக்கிறார்கள். வியந்து முடித்ததும் கொள்ளையடித்தார்கள். பிறகு வெடி வைத்துத் தகர்த்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள். அதோடு விடாமல், போர்ச் செலவுக்கு ஈடாக 50,000 அவுன்ஸ் பொன் கேட்டு உடன்படிக்கையும் எழுதி வாங்கினார்கள். ஆப்பிரிக்காவுக்கு மியூசியம் என்பதையே ஐரோப்பியர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால், எனக்கு இந்தக் கல் மாளிகைதான் ஞாபகம் வரும்.

நான் கலை விமர்சகன் இல்லை. பழைய உலோகச் சாமான்களைச் சுத்தம் செய்து காப்பாற்றும் வேதியியல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். மகள் அக்ராவில் வேலை பார்த்ததால் கானாவுக்குப் போய்வர வாய்த்தது. பழைய வேலையின் பழக்கத்தில் என் கண் எப்போதும் பொருளைவிட்டு அது இருக்கும் பெட்டிக்கும் அறையின் ஈரத்துக்கும் போய்விடும். “திருப்பிக் கொடுக்கலாம்தான், ஆனால் அந்த வெயிலிலும் ஈரத்திலும் அவர்களால் பத்திரமாக வைத்துக்கொள்ள முடியுமா?” என்ற பேச்சைப் பல காலமாகக் கேட்டுவருகிறேன். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் 1930இலேயே வேதியியல் கூடத்தைத் தொடங்கி, பச்சை பிடித்துப் பொரிந்துபோன வெண்கலச் சிலைகளை மின்பகுப்பு முறையில் மீட்டார். கடற்காற்று வீசும் சென்னையில், ஏசி இல்லாத காலத்தில்! வெப்ப மண்டலத்தில் வெண்கலத்தைக் காப்பாற்றும் வித்தை அப்போதே நம் கைக்கு வந்துவிட்டது.

குமாசிப் பொன்னில் வேறு சிக்கல் இருக்கிறது. பொன்னுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அசாந்தே அரசச் சின்னங்களில் பல, மரத்தில் செதுக்கி மேலே பொன் தகடு போர்த்தியவை. உள்ளே இருக்கும் மரத்துக்கு ஈரம் இருப்பதைவிட, ஈரம் ஏறி இறங்குவதுதான் எமன். ஐரோப்பிய மியூசியங்கள் 50 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தை இலக்கணமாக வைத்தன. அது அவர்களுடைய குளிர்காலத்துக்கும் வெப்பமூட்டிய அறைகளுக்கும் பொருந்திய கணக்கு. அதையே கானாவில் ஏசி போட்டு நிறைவேற்றப் பார்த்தால், அந்த ஊர்க்காரர்கள் டும்சோர் என்று அலுத்துக்கொள்ளும் மின்வெட்டு வந்ததும் அறையின் ஈரம் குபீரென்று ஏறும். மின்சாரம் திரும்பினால் இறங்கும். ஏசியே இல்லாமல், தடித்த சுவரும் நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையில் நிதானமாக வைத்திருப்பது அந்த மரத்துக்கு நல்லது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 2019இல் திறந்த சோமா அருங்காட்சியகத்தை எலியாஸ் சிமேயும் மெஸ்கெரெம் அசெகெதும் மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டியிருக்கிறார்கள். அழகுக்காகச் செய்ததாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சுவரின் தடிமன்தான் முக்கியம்.

இனி, பொருளை வெறுமனே காப்பாற்றுவதுதானா மியூசியத்தின் வேலை? மன்ஹியாவில் ஆறு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அக்வாசிடே திருவிழா நடக்கும். அரண்மனை முற்றத்தில் பெரிய குடைகளுக்கு அடியில் மன்னர் வந்து அமர்வார். பொற்கைப்பிடி வாளேந்திகள் முன்னால் வரிசையாக இருப்பார்கள். முரசுச் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. நம் ஊரில் உற்சவருக்கு நகை சாத்திப் புறப்பாடு செய்வதைப் போல, அங்கே அரசச் சின்னங்கள் வெளியே வந்து வேலை செய்கின்றன. சில எட்டு தூரத்தில், அதே மாதிரியான வாள் லண்டன் இரவலாகக் கண்ணாடிக்குள் கிடக்கிறது. பாதுகாப்புக்காரனான எனக்குக் கண்ணாடி பிடிக்கும், வியர்வைக் கைகள் பிடிக்காது. ஆனாலும் அந்த இரண்டு வாள்களில் எது உயிரோடு இருக்கிறது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன்.

அக்ராவின் தேசிய அருங்காட்சியகம் சுதந்திரத்துக்கு முந்தைய நாள், 1957 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. புதுப்பிப்பதற்காக 2015இல் மூடினார்கள், மறுபடி திறக்க 2022 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் எழுத்தாளர் நானா ஒஃபோரியாட்டா அயிம் வேறொரு வழியைக் காட்டினார். கானாவில் தெருவுக்குத் தெரு கியோஸ்க் என்ற பெட்டிக்கடை உண்டு. போன் ரீசார்ஜ், முடி பின்னுதல், சோறு, எல்லாம் அதில்தான். அந்தப் பெட்டிக்கடை வடிவத்தையே அவர் மியூசியமாக்கினார். முதலில் அக்ராவின் தெருவிழாவில் வைத்தார். பிறகு நடமாடும் மியூசியமாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். போகிற இடத்தில், உங்கள் வீட்டில் எதை வைத்துக் காட்ட வேண்டும் என்று மக்களையே கேட்டார்கள். பளிங்குப் படிகளில் ஏறத் தயங்கும் பெண்மணி பெட்டிக்கடைக்குள் எட்டிப் பார்க்கத் தயங்கமாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை மாலி நாட்டிலிருந்து வந்தது. தோகோன் மக்கள் வாழும் ஃபொம்போரி கிராமத்தில் 1997இல் ஒரு பண்பாட்டு வங்கி தொடங்கினார்கள். வெளிநாட்டு வியாபாரிகள் கிராமங்களுக்கு வந்து முன்னோர் சிலைகளையும் முகமூடிகளையும் சொற்பக் காசுக்கு வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். விதைக்கும் மருந்துக்கும் பணம் வேண்டியவர் விற்காமல் என்ன செய்வார்? பண்பாட்டு வங்கியில் அந்தப் பொருளை அடகாக வைத்துச் சிறுகடன் வாங்கலாம். சொந்தம் குடும்பத்துக்கே. பொருள் ஊர்க் காட்சிசாலையில் இருக்கும், சடங்குக்கு வேண்டுமென்றால் எடுத்துப்போகலாம். கடன் எவ்வளவு என்பது சந்தை விலையைப் பொறுத்ததில்லை. அந்தப் பொருளின் வரலாறாகக் குடும்பம் எவ்வளவு சொல்ல முடிகிறது என்பதைப் பொறுத்தது. பாட்டி சொன்ன கதைக்குக் கடன் கொடுக்கும் வங்கி! 2012இல் அந்த வட்டாரம் ஆயுதக் குழுக்களின் கைக்குப் போனது என்பதும் உண்மை. ஆனால் அந்த யோசனை அதற்கு முன்பே வேறு ஊர்களுக்குப் பரவியிருந்தது.

எல்லாம் இணக்கமாகவே நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். நைஜீரியாவின் பெனின் நகரத்தை 1897இல் ஆங்கிலப் படை சூறையாடியபோது அள்ளிப்போன ஆயிரக்கணக்கான வெண்கலங்கள் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. 2022இல் ஜெர்மனி ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் உரிமையை மாற்றிக் கொடுத்தது. 2025இல் நெதர்லாந்து 119 பொருட்களை அனுப்பியது. வந்தவை யாருக்கு? 2023இல் நைஜீரிய அரசு, உரிமை ஓபா என்ற பெனின் மன்னருக்கே என்று அறிவித்தது. மன்னருக்குப் போனால் பொதுமக்கள் பார்க்க முடியுமா என்று ஐரோப்பாவில் சிலர் புருவத்தை உயர்த்தினார்கள். கொள்ளை போனது யார் வீட்டிலிருந்து என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அதே நகரத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகம் என்று வெளிநாட்டு நிதியுதவியோடு பெரிய வளாகம் எழுந்தது. 2025 நவம்பரில் திறப்பு நிகழ்ச்சிகளுக்கு விருந்தினர்கள் வந்திருந்தபோது போராட்டக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். திறப்பு நின்றுபோனது.

இந்த வழக்கில் நான் மன்னர் பக்கம்தான். ஆனால் ஒரு வேலைக்காரனாக எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. உரிமை யாருக்கானாலும், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிலைப்பதிவேடு வேண்டும். எந்த ஆண்டு எந்த இடத்தில் பச்சைப் பொடி தட்டியது, யார் எதைக் கொண்டு துடைத்தார்கள் என்று எழுத ஆள் வேண்டும். நைஜீரியாவுக்கு அண்டை நாடான பெனின் குடியரசின் போர்ட்டோ நோவோவில் ஆப்பிரிக்க மரபுரிமைப் பள்ளி 1998இலிருந்து அப்படிப்பட்ட ஆட்களைப் பயிற்றுவித்து வருகிறது. புதுக் கட்டடங்களுக்கு நிதி அறிவிக்கும்போது மேடையில் படம் எடுக்கிறார்கள். அந்தப் பள்ளியில் படித்து வெளியே வருகிற பெண்ணின் மாதச் சம்பளத்தை யார் தருவது என்ற பேச்சு வரும்போது அறை காலியாகிவிடுகிறது.