எங்கள் பெயர்கள் சரியாக வரவேண்டும்

கணனித்துறை என்றால் அது கெட்டிக்காரர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் உரியது என்று எம்மில் பலர் எண்ணுகின்றோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தவள்தான். இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பரிசோதகராக வேலை செய்கின்றேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. என்னைப் போன்ற ஒரு சகோதரிக்காவது உதவும் என்றுதான் எழுதுகின்றேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு வயது பதினான்கு. வன்னியில் குப்பி விளக்கில் படித்துக் கலைப்பிரிவில் உயர்தரம் சித்தியடைந்தேன். பல்கலைக்கழகம் போகப் புள்ளி போதவில்லை. 2003இல் கிளிநொச்சியில் ஆறு மாதம் தமிழ்த் தட்டச்சுப் பழகினேன். பின்பு திருமணம். 2009 ஏப்ரலில் கணவரை இழந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது. மெனிக் பாம் முகாமிலிருந்து 2010இல் அம்மாவுடனும் மகளுடனும் திரும்பி வந்தபோது, எனக்கென்று கையிலிருந்தது அந்தத் தட்டச்சு ஒன்றுதான்.

அதைக் கொண்டு ஒரு நலன்புரி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 2011இல் வாழ்வாதார உதவிக்காகக் குடும்பத்தைத் தலைமை தாங்கும் பெண்களின் பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்து கொழும்புக்கு அனுப்பினோம். மறுநாள் பதில் வந்தது: "கோப்பு பழுதாகிவிட்டது. இரண்டு நாளில் சரியாக வராவிட்டால் இந்தத் தடவை சேர்க்க முடியாது." அவர்கள் அனுப்பிய படியைத் திறந்து பார்த்தேன். பெயர்கள் இருந்த இடமெல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்கள்.

அன்று மாலை அலுவலக வாசலில் ஓர் அக்கா, "தங்கச்சி, என்ர பேர் இருக்குத்தானே?" என்று கேட்டார். "இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு உள்ளே நடுங்கியது.

இரவு அந்தக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். குற்று வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நின்றது. பாமினி எழுத்துருவில் குற்றுப் போட நாங்கள் அழுத்துவது அரைப்புள்ளி விசையைத்தான் அல்லவா? அப்போதுதான் விளங்கியது, கோப்பு பழுதாகவில்லை. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணனி தனக்குள் வைத்திருப்பது நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. கொழும்புக் கணனியில் அந்த எழுத்துரு இல்லை. அதனால் போர்வை விலகிவிட்டது.

யூனிகோட் முறை வேறு. அதில் தமிழ் எழுத்துக்களுக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான சொந்த இலக்கங்கள் உண்டு. 'அ'வுக்கு 2949. எந்த நாட்டுக் கணனியில் திறந்தாலும் அது 'அ'தான்.

மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைத் தேடிப் பட்டியலை மாற்றினேன். அதிலும் ஒரு சிக்கல். பாமினியில் 'கௌ' எழுதக் கொம்பு, க, ள என்று தட்டுவோம். 'கெள' எழுதவும் அதே மூன்றுதான். எது சரி என்று கணனிக்குத் தெரியாது. கௌரி, சௌந்தரி போன்ற பெயர்கள் பிழைத்தன. அடையாள அட்டையில் ஒன்றும் பட்டியலில் வேறொன்றும் இருந்தால் உதவி கிடைக்காது என்பது நாம் அறிந்ததே. முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்களை விடியும்வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அனுப்பினேன். அந்த அக்காவின் பெயரும் ஏற்கப்பட்டது.

பிழைக்குக் காரணம் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கணனித்துறையின் பாதி வேலை என்று அன்று உணர்ந்தேன்.

கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்துக்கு 2012இல் பதிவு செய்தேன். "இந்த வயசில படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று உறவினர் கேட்டனர். "நீ படி பிள்ளை, பேத்தியை நான் பாக்கிறன்" என்றார் அம்மா. பாடங்கள் ஆங்கிலத்தில். தினமும் ஐந்து சொற்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். கணிதத்தில் இரு தடவை சித்தியடையவில்லை. மூன்று வருடப் படிப்பை முடிக்க எனக்கு ஐந்து வருடம் எடுத்தது. அதிலொரு நன்மை, முதல் வருடத்துடன் நிறுத்தினாலும் டிப்ளோமா கிடைத்திருக்கும், இரண்டாம் வருடத்துடன் உயர் டிப்ளோமா. அதனால் இடையில் நின்றாலும் எல்லாம் வீண் என்ற பயம் இருக்கவில்லை.

முதல் நேர்முகத் தேர்வில், "பிள்ளை இருக்கிறது, நேரத்துக்கு வருவீர்களா?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் எழுதும் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதே என் வேலை.

ஒருமுறை ஒரு பதிவுப் படிவம் பரிசோதனைக்கு வந்தது. திருமணமானவர், ஆகாதவர், விதவை என்று மூன்று தெரிவுகள். ஒன்றைத் தெரியாமல் அடுத்த பக்கம் போக முடியாது. கணவர் காணாமற் போன பெண் எதைத் தெரிவது? 'விதவை' என்பதை அழுத்த எத்தனை பேருக்குக் கை வரும்? இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டமே திருத்தப்பட்டிருந்தது. படிவத்துக்கு அது தெரியவில்லை. அதை எழுதிய இளைஞர் கெட்டவர் அல்லர், அவருக்கு எங்கள் வாழ்க்கை தெரியாது. நான் அதைப் பிழையாகப் பதிந்தேன். நான்காவது தெரிவு சேர்க்கப்பட்டது.

சகோதரிகளே, இதனால்தான் நாம் இத்துறைக்கு வரவேண்டும் என்கின்றேன். உதவி, ஓய்வூதியம், காணி என்று எல்லாப் பதிவுகளும் கணனிக்குள் போகின்றன. அவற்றை அமைக்கும் இடத்தில் எம்மைப் போன்றவர்களும் இருந்தால்தான் எமது பெயரும் நிலையும் சரியாகப் பதியப்படும்.

உயர்தரம் படிக்காதவர்களுக்குத் தேசிய தொழிற் தகைமைப் பயிற்சிகள் உண்டு. மூன்றாம், நான்காம் மட்டங்களில் தொடங்கி டிப்ளோமா வரை ஏறலாம். பணம் கட்டுமுன் அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா, கிடைப்பது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழா என இரண்டையும் கேளுங்கள். சாதாரண சான்றிதழ் ஒன்றை நம்பிக் காசை இழந்தவர்களை நான் அறிவேன். பிள்ளைகள் கணிதப் பிரிவில் படித்தால், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2014இல் தொடங்கிய யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கணனிப் பொறியியல் படிக்கலாம்.

வயது போய்விட்டது என்று எண்ணாதீர்கள். பட்டம் பெறும்போது எனக்கு முப்பத்தாறு. கொப்பியில் இன்றைக்கு ஐந்து சொற்களை எழுதுங்கள்.