றோபோவும் கொழுந்துக் கூடையும்

மனிதன் செய்யும் வேலைகளை 'றோபோ' கைப்பற்றிவிடுமா என்னும் வினா பெரும்பாலும் தொழில்நுட்ப வினாவாகவே எழுப்பப்படுகின்றது. அச்சொல்லின் பிறப்போ வேறொரு திசையைக் காட்டுகின்றது. செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட நாடகத்தின் வழியாகவே அது உலக மொழிகளுட் புகுந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்பது பண்ணையடிமை நிலப்பிரபுவுக்குச் செய்யக் கடமைப்பட்ட கட்டாய வேலையைக் குறிக்கும். வேலை எவருடையது, அதன் விலை யாது என்பனவே முதலில் வினவற்பாலன.

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலயிலிருந்து நானுஓயா நோக்கி இறங்குபவர், காடும் பண்ணையும் கடந்து தேயிலை மலைகளைக் காண்பர். அங்குள்ள தொழில் ஒரு விசித்திரத்தை உடையது. தொழிற்சாலையில் இலையை உருட்டுவதும் உலர்த்துவதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இயந்திரத்திடம் சென்றுவிட்டன. பெல்பாஸ்ற் நகரத்துச் சாமுவேல் டேவிட்சனின் 'சிறொக்கோ' உலர்த்திகள் புகழ்பெற்றவை. மலையிலோ கொழுந்து பெரும்பாலும் இன்றும் பெண்ணின் விரல்களாலேயே பறிக்கப்படுகின்றது.

மலைச்சரிவு இயந்திரத்துக்கு ஒவ்வாது, இரண்டு இலையும் மொட்டும் எது, முற்றிய இலை எது என்று அது பகுத்தறியாது என்பர். இதில் உண்மையுண்டு. ஆயின் யப்பானியர் தேயிலையைப் பெரும்பாலும் இயந்திரத்தாலேயே அறுவடை செய்கின்றனர். அதற்கேற்பப் பாத்தியையும் செடியையும் அமைத்துக்கொண்டனர். அங்கே கூலி உயர்ந்திருந்தது. இங்கிலாந்தின் கால்வாய்களிற் படகிழுக்கச் சில வேளைகளிற் குதிரைக்குப் பதிலாகப் பெண்களே பயன்படுத்தப்பட்டதை 'மூலதனம்' முதலாந் தொகுதியில் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். குதிரைக்கு ஆகும் செலவைக் கணக்கிடலாம். மிகைப்பட்ட மக்கட்டொகையைச் சேர்ந்த பெண்ணைப் பேணும் செலவோ கணக்கில் வைக்கவியலாத அளவு அற்பம் என்பது அவர் வாதம். அந்நூல் வெளிவந்த 1867 ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தற்செயல்தான், எனினும் மறத்தற்கரிய தற்செயல்.

பல்லாண்டுப் போராட்டத்தின் பின், 2021 இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. சம்பளக் கோரிக்கை எழும்போதே இயந்திரம் பற்றிய பேச்சும் எழுவது மனங்கொள்ளத்தக்கது. கெனியாவின் கெரிச்சோவில் அது பேச்சளவில் நிற்கவில்லை. 2023 மே மாதக் கிளர்ச்சியிற் கொழுந்து பறிக்கும் இயந்திரங்கள் தீக்கிரையாயின. இயந்திரம் வேறு, அதனை மூலதனம் கையாளும் முறை வேறு என்று கற்கத் தொழிலாளருக்குக் காலமும் அநுபவமும் தேவைப்பட்டன என்றார் மார்க்ஸ். வேலையிழந்தவளுக்கு அதனை உபதேசிப்பது எளிது.

இனி வீடு. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்குச் செல்பவள், கொழுந்து நிறுத்து லயத்துக்குத் திரும்பியதும் விறகு, தண்ணீர், சமையல் என இரண்டாவது வேலைநாளைத் தொடங்குகின்றாள். இவ்வுழைப்புக்குக் கூலியே இல்லை. ஆதலால் இதனினும் மலிவான இயந்திரத்தை எவராலும் செய்ய இயலாது. வசதிபடைத்த கொழும்பு இல்லங்களிற் சலவை இயந்திரமும் உண்டு, மலையகத்திலிருந்து சென்ற பணிப்பெண்ணும் உண்டு. துணி துவைப்பதில் மிஞ்சிய நேரம் முதியவரைப் பராமரிக்கவும் குழந்தைக்குச் சோறூட்டவும் ஒதுக்கப்படுகின்றது. அவளுடைய குழந்தைக்கு லயத்திற் பாட்டி சோறூட்டுகின்றாள்.