இடுப்பு வலி எலும்பு மஜ்ஜையிலிருந்தும் வருமா?

போர்ட் பிளேரின் ஹாடோ துறையில் மூட்டை இறக்குகிறவருக்கு மாதக்கணக்கில் இடுப்பு வலித்தால், "டிஸ்க் தேய்ஞ்சுபோச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் தேய்ந்த டிஸ்க்கோடு வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் ஏராளம். அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? சிலருக்கு, டிஸ்க்கை ஒட்டிய முள்ளெலும்பின் மஜ்ஜையிலிருந்து.

டிஸ்க்கின் உட்பகுதியில் ரத்தக்குழாய் கிடையாது. பக்கத்து மஜ்ஜையிலிருந்து மெல்லிய தகடு ஒன்றின் வழியே ஊட்டம் கசிந்து வரவேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு இந்தக் கசிவை எம்.ஆர்.ஐ.யில் மணிக்கணக்கில் பின்தொடர்ந்து, தகட்டின் பங்கைக் காட்டியது. 2004இல் சர்வதேசப் பரிசு பெற்ற, நாம் பெருமைப்பட வேண்டிய ஆய்வு அது.

தகடு சேதமானால் எதிர்த்திசையிலும் கசிவு நடக்கும். சிதைந்த டிஸ்க்கின் அழற்சிப் பொருள்கள் மஜ்ஜைக்குள் இறங்குகின்றன. ரத்த அணு உற்பத்திக்குத் துணைநிற்கும் மஜ்ஜைச் செல்கள் குணம் மாறி நார்த்திசுவைப் பெருக்குகின்றன. நோயெதிர்ப்புச் செல்கள் அழற்சியை அணையவிடாமல் வைக்கின்றன. அங்கே நரம்பு நுனிகளும் கூடுகின்றன. வலி நாள்பட்டதாவது இப்படித்தான் என்று கருதப்படுகிறது. எம்.ஆர்.ஐ.யில் தெரியும் இந்த மஜ்ஜை மாற்றங்களை 1988இல் வகைப்படுத்தியவர் மைக்கேல் மோடிக். அவை இருந்தும் வலிக்காதவர்கள் உண்டு. ஸ்கேனை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டாம்.

வலிக்கிறதென்று படுத்தே கிடக்காதீர்கள், முடிந்தவரை நடங்கள். இடுப்பு வலியோடு காய்ச்சலோ, கால் பலவீனமோ, சிறுநீர்ச் சிக்கலோ சேர்ந்தால், எந்தத் தீவில் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.