குரலால் உயர்ந்த நடிகர்

நாடக மேடையிலும் வெள்ளித்திரையிலும் கதாநாயகனாகப் பவனி வருகிறவனையே ஜனங்கள் கொண்டாடுகிறார்கள். அவன் பக்கத்தில் நின்று, மந்திரியாகவோ துரோகியாகவோ வேஷம் தரித்துக் கதையைத் தாங்கிச் செல்லும் நடிகனைக் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறார்கள். அவ்விதம் பக்கத்தில் நின்றே கீர்த்தி பெற்ற பிரிட்டிஷ் நடிகர் கிளாட் ரெயின்ஸின் சரித்திரம் சிந்திக்கத்தக்கது.

அவர் 1889-ம் வருஷம் லண்டன் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பேச்சோ லண்டன் ஏழைத் தெருக்களின் கொச்சைப் பேச்சு. போதாக்குறைக்கு, ரகரம் நாவில் வராத குறையும் இருந்தது. தம்முடைய பெயரையே அவரால் திருத்தமாகச் சொல்ல முடியவில்லை. நடிகர்களை உரிய சமயத்தில் மேடைக்கு அழைக்கும் பையனாக நாடகசாலையில் ஊழியம் புரிந்த இந்தச் சிறுவனிடம் ஸர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ என்ற பெரிய நடிகரின் பார்வை விழுந்தது. உச்சரிப்புப் பயிற்சிக்கு அவரே பணம் கொடுத்து உதவினார். இடைவிடாத சாதகத்தினால் குறை நீங்கியது. கம்பீரமான சாரீரம் பிறந்தது.

முதல் உலக மகா யுத்தத்தில் ரெயின்ஸ் போர்முனை சென்றார். விஷவாயுத் தாக்குதலால் ஒரு கண்ணின் பார்வை ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது. அதனால் அவர் மனம் தளரவில்லை, மேடைக்கே திரும்பினார். 1904-ல் ட்ரீ ஸ்தாபித்த நாடகக் கலைக் கழகத்தில், அவர் உதவியால் பேசக் கற்றவரே உபாத்தியாயராக அமர்ந்தார். பிற்காலத்தில் புகழ் பெற்ற ஜான் கில்குட், சார்லஸ் லாட்டன் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். வாங்கிய கடனை இதைவிடச் சிறப்பாக எவர் தீர்க்க முடியும்?

வயது நாற்பதைக் கடந்த பிறகே சினிமா அவரை நாடியது. 1933-ல் வெளிவந்த ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ என்ற பேசும் படத்தில் அவருக்குப் பிரதான பாத்திரம். ஆனால் படத்தின் இறுதியில்தான் முகம் தெரியும். அதுவரை குரல் ஒன்றே நடிக்கவேண்டும். நா திருந்தாத சிறுவனாக இருந்தவர் அந்தக் குரலினாலேயே உலகத்தைக் கட்டிப்போட்டார்!

பின்னர் 1942-ல் வந்த ‘காஸாபிளாங்கா’வில் நேர்மையற்ற போலீஸ் அதிகாரியாகவும், 1946-ல் வந்த ‘நொட்டோரியஸ்’ஸில் நாஜிக் கூட்டத்தைச் சேர்ந்தவராகவும் தோன்றினார். அவர் ஏற்ற துஷ்டப் பாத்திரங்களுக்கும் ஒரு மனம் இருந்தது. அது படும் வேதனையை ரஸிகர்கள் உணர்ந்தார்கள். அயோக்கியனிடத்தும் மனிதனைக் காட்டுவதன்றோ உயர்ந்த நடிப்பு?

ஆஸ்கர் பரிசுக்கு நான்கு முறை அவர் பெயர் பிரேரேபிக்கப்பட்டது. நான்கு முறையும் துணைநடிகர் என்ற வரிசையில்தான். ஒரு முறைகூடப் பரிசு கிட்டவில்லை. நாடக மேடையோ அவரை மறக்கவில்லை. 1951-ல் ‘நடுப்பகலில் இருள்’ நாடகத்துக்காக டோனி பரிசு அளித்துக் கௌரவித்தது. 1967-ல் அமெரிக்காவில் அவர் காலமானார்.

பரிசுகளின் ஜாபிதாவைக் கொண்டு கலைஞனை எடைபோடுவது சரியன்று. ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு ஒருவர் செய்த உதவி, ஒரு நடிகனை உருவாக்கி, அவன் மூலம் அடுத்த தலைமுறையையும் உருவாக்கியது. திறமை எந்தத் தெருவிலும் பிறக்கும். அதைக் கண்டு கைதூக்கி விடுபவர்கள் இருக்கிறார்களா என்பதே கேள்வி.