பாரம் குறைத்த ஆடம்பரக் கார்

ஆடம்பரக் கார் என்றால் கனத்த கார் என்றே அந்நாளில் பலரும் கருதியிருந்தனர். 1952-இல் இங்கிலாந்தின் பென்ட்லி நிறுவனம் வெளியிட்ட 'ஆர் டைப் கான்டினென்டல்' அக்கருத்தை மாற்றியது. நால்வர் தம் பயணப் பெட்டிகளுடன் அமர்ந்து, நெடுந்தொலைவைக் களைப்பின்றி விரைந்து கடக்க வேண்டும்; 'கிராண்ட் டூரர்' எனப்படும் கார்களின் இலக்கணம் அதுவே.

இதற்குத் தடையாக நின்றது எஞ்சின் அன்று, டயர்! மிகுந்த பாரத்தையும் மிகுந்த வேகத்தையும் ஒருசேரத் தாங்கும் டயர்கள் அக்காலத்தில் இல்லை. எனவே எச்.ஜே. முல்லினர் பட்டறையினர் உடற்கூட்டை அலுமினியத்தால் அமைத்தனர். இருக்கைச் சட்டங்களும் பம்பர்களும்கூட அலுமினியமே. ஜான் பிளாட்ச்லியின் வடிவமைப்பில் பின்னோக்கிச் சரிந்திறங்கும் கூரை கண்ணுக்கு அழகுதான். ஆயினும் அது காற்றின் எதிர்ப்பைக் குறைப்பதற்காகவே பிறந்தது. 4.6 லிட்டர் எஞ்சின் பூட்டிய மாதிரி வண்டி, 'ஓல்கா' என்னும் செல்லப்பெயருடன், 1951-இல் பிரான்சின் மோன்லெரி ஓடுதளத்தில் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றி வந்தது.

வேடிக்கை யாதெனில், வாங்க வந்த செல்வந்தர்கள் கனத்த இருக்கைகளையும் வேறு வசதிகளையும் கேட்டுப் பெற்றனர். அரும்பாடுபட்டு இறக்கிய பாரம் மீண்டும் ஏறிற்று! 1954-இல் எஞ்சின் 4.9 லிட்டராகப் பெரிதாக்கப்பட்டது. மறு ஆண்டு உற்பத்தி நின்றபோது, மாதிரி வண்டியையும் சேர்த்து உருவாகியிருந்தவை 208 மட்டுமே.