உடைந்த பல் சொல்லும் கணக்கு

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருபவர்கள் கல்யாண மகாலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நெற்களஞ்சியத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். முற்றுகையைத் தாங்க மதில் மட்டும் போதாது, நெல்லும் வேண்டும் என்று தெரிந்தவர்கள் கட்டிய இடம் அது. இன்றும் செஞ்சி நெல் ஊர்தான். அறுவடை நாட்களில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைகள் மலைபோல் குவிகின்றன. அந்த நெல்லுக்குப் பின்னால் பம்ப்செட், டிராக்டர், அறுவடை இயந்திரம், அரிசி ஆலை என்று எத்தனையோ இயந்திரங்கள் உழைக்கின்றன. அவற்றில் ஒன்று உடைந்தால் நேரே லேத் பட்டறைக்கு வந்து சேரும்.

சரி, பட்டறையில் இருக்கும் பழைய மில்லிங் மெஷினே உடைந்துவிட்டால்?

மில்லிங் மெஷினில் சுழலும் கட்டருக்கு அடியில் மேசை மெல்ல நகரும். மேசையில் பிடித்துவைத்த இரும்பைக் கட்டர் செதுக்கும். மேசையை நகர்த்துவது ஃபீட் பெட்டிக்குள் இருக்கும் கியர்கள். அவற்றில் ஒன்றுக்குப் பல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைச் செய்த நிறுவனம் இன்று இல்லை. உதிரிப்பாகம் கிடைக்காது, வரைபடமும் கிடையாது. ஆனாலும் அந்தக் கியரை அச்சு அசலாக மறுபடி செய்துவிடலாம். தேவையான வரைபடம் உடைந்த துண்டிலேயே இருக்கிறது.

முதலில் எண்ண வேண்டும். உடைந்த பற்களின் அடித்தடத்தையும் சேர்த்து எண்ணினால் 32 பல். வெர்னியர் காலிபரில் வெளிவிட்டம் 107.9 மில்லிமீட்டர். கியரின் வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையுடன் இரண்டைக் கூட்டி வகுத்தால் பல்லின் அளவு வந்துவிடும். இதற்கு மாட்யூல் என்று பெயர். 107.9-ஐ 34-ஆல் வகுத்தால் 3.17 சொச்சம். மாட்யூல் 3 என்றால் விட்டம் 102 மில்லிமீட்டர்தான் இருந்திருக்கும். மெட்ரிக் வரிசையில் 3.17 என்று ஒரு பல் கிடையாது.

அப்படியானால் இந்த இயந்திரம் அங்குலத்தில் பிறந்தது. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை எட்டால் வகுத்தால் 3.175. அங்குலக் கணக்கில் இதை 'டிபி 8' என்பார்கள். அசல் விட்டம் நாலேகால் அங்குலம், அதாவது 107.95 மில்லிமீட்டர். விடுபட்ட அந்த 0.05 தேய்மானமாகவோ அளவீட்டில் வந்த சிறு வித்தியாசமாகவோ இருக்கலாம்.

இந்தியா மெட்ரிக் அளவை 1956 சட்டத்தின் மூலம் ஏற்றது. பெங்களூரில் பட்டறை இயந்திரங்களைச் செய்ய ஹெச்.எம்.டி. நிறுவனம் தொடங்கியது 1953-ல். அதற்கு முன் பிரிட்டனிலிருந்து வந்த இயந்திரங்கள் அங்குலத்தில் பேசுபவை. இரண்டு மொழியும் நம் பட்டறைகளில் அக்கம்பக்கத்தில் ஓடுகின்றன. மாட்யூல் 3 கட்டர் கையில் இருக்கிறதே என்று அதைக்கொண்டு வெட்டினால் புதுக் கியர் தன் ஜோடியோடு சேராது.

கியரே தூள்தூளாகி, எண்ணுவதற்குப் பல்லே இல்லாமல் போனால்? அப்போதும் வழி இருக்கிறது. அதனோடு ஓடிய ஜோடிக் கியர் பெட்டிக்குள் முழுசாக இருக்கும். அதற்கு 48 பல். அளந்து பார்த்தால் அதுவும் டிபி 8. இரண்டு ஷாஃப்டுகளின் மையத்துக்கு மையம் 127 மில்லிமீட்டர். அது சரியாக 5 அங்குலம். இரு கியர்களின் பற்களையும் கூட்டி, டிபியின் இரட்டிப்பால் வகுத்தால் வருவதுதான் மைய இடைவெளி. ஐந்தைப் பதினாறால் பெருக்கினால் 80. அதில் 48 போக மீதி 32. காணாமல் போன கியரின் பல் எண்ணிக்கையைப் பெட்டியே சொல்லிவிட்டது.

அடுத்த கேள்வி, ஏன் உடைந்தது? இதைக் கேட்காமல் செய்த கியர் மறுபடியும் உடையும். கருங்கல்லைப் பிளக்கும் கல்தச்சர் வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு வைத்து அடிப்பார். அடியின் விசை குழிகளின் கூர்முனைகளில் குவிந்து, விரிசல் அந்த வரிசையிலேயே ஓடும். கியர் பல்லின் அடிமூலையும் அப்படிப்பட்ட இடம்தான். அங்கே வளைவு இல்லாமல் கூராக விட்டால், ஒவ்வொரு சுற்றிலும் விழும் சுமை அந்த மூலையில் ஒரு நுண்விரிசலை வளர்க்கும். உடைந்த முகத்தைக் கழுவிப் பார்த்தால் தெரியும். கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் போல வளைகோடுகள் இருந்தால் அது நாள்பட்ட களைப்பு. முகம் முழுதும் புத்தம்புதிதாகச் சொரசொரப்பாக இருந்தால் ஒரே அடியில் போனது; மேசை எங்கோ முட்டியிருக்கும். சுமை மீறினால் முதலில் அறுந்து மற்றதைக் காப்பாற்ற ஒரு மெல்லிய பின்னைச் சில இயந்திரங்களில் வைத்திருப்பார்கள். அந்த இடத்தில் யாரோ கெட்டியான போல்ட்டை மாட்டியிருந்தால் குற்றவாளி அந்த போல்ட்தான்.

இனி வெட்டும் வேலை. பழைய கியர் வார்ப்பிரும்பு என்றால் அதில் கரி தகடு தகடாக ஊடுருவியிருக்கும். சும்மா வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே வெடிக்கும். புதிதாகச் செய்வதென்றால் சுமார் 0.4 சதவீதக் கரி கொண்ட இ.என்.8 இரும்பு பல வேலைக்குப் போதும். மிகக் கடினமான இரும்பைத் தேடிப் போட்டால் அது நிற்கும், ஜோடிக் கியர் தேயும்.

இரும்பு உருளையை லேத்தில் 107.95-க்குக் கடைந்து, பக்கத்துப் பட்டறையின் மில்லிங் மெஷினில் டிவைடிங் ஹெட்டில் பிடிக்கிறோம். இதன் கைப்பிடியை 40 முறை சுற்றினால் உருளை ஒரு முறை சுற்றும். 32 பல்லுக்கு 40-ஐ 32-ஆல் வகுத்தால் ஒன்றேகால். ஆக, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச் சுற்று, அதோடு 20 துளை வட்டத்தில் 5 துளை. எண்ணிக்கையில் ஒரே ஒரு துளை தவறினால் பல் 0.4 மில்லிமீட்டர் இடம் மாறிவிடும். செய்த வேலை முழுதும் வீண். அதனால்தான் டிவைடிங் ஹெட்டில் நிற்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

கட்டரும் எண் பார்த்து எடுக்க வேண்டும். பல்லின் பக்கவாட்டு வளைவுக்கு இன்வல்யூட் என்று பெயர். டப்பாவில் சுற்றிய நூலை இழுத்துப் பிடித்தபடி பிரித்தால் நூல்முனை வரையும் கோடு அது. சிறிய கியரில் அந்த வளைவு அதிகம், பெரிய கியரில் குறைவு. ஆகவே ஒரே டிபிக்கு எட்டு கட்டர்கள் உண்டு. 26 முதல் 34 பல் வரை 4-ம் எண் கட்டர். பழைய கியரின் அழுத்தக் கோணம் பதினாலரை டிகிரியா, இருபதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு 6.85 மில்லிமீட்டர் ஆழத்தில் 32 பள்ளங்கள் வெட்டினால் கியர் தயார்.

அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் 1862-ல் யுனிவர்சல் மில்லிங் மெஷினை உருவாக்கினார். ட்விஸ்ட் டிரில்லின் சுருள் பள்ளங்களை அதுவரை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்தது அது. அன்றிலிருந்து ஒரு மில்லிங் மெஷினின் பாகத்தை இன்னொரு மில்லிங் மெஷின் செய்து தருகிறது. அண்டை வீட்டில் நெருப்பு வாங்கி அடுப்பு மூட்டுவது போன்ற உறவு இது.

பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உடைந்த கியரைப் பழைய இரும்புக்கு எடை போடும் முன் பல்லை எண்ணுங்கள். வெளிவிட்டம், அகலம், துளை, சாவிக்குழி, மைய இடைவெளி ஆகிய ஐந்தையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துண்டுகளை எண்ணெய் தடவி, துணியில் கட்டிப் போடுங்கள். அந்த ஒரு பக்கக் குறிப்பு இருந்தால், இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் அந்த இயந்திரத்தை ஓட வைக்கலாம்.