வாகூ: பல்லுக்கும் பாய்ச்சலுக்கும் ஏற்ற தூண்டில்

வாகூ, வஞ்சிரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பெருங்கடல் மீன். உலகின் வெப்பக் கடல்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. மாலத்தீவில் இதற்குக் குருமஸ் என்று பெயர். ஹவாய்த் தீவினர் ஓனோ என்கிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுவையானது என்று பொருள். அறிவியல் பெயர் அகாந்தோசைபியம் சொலாண்ட்ரி. கேப்டன் குக்கின் முதல் பயணத்தில் உடன் சென்ற இயற்கை ஆய்வாளர் டேனியல் சொலாண்டரின் நினைவாக வைத்த பெயர் அது. கருநீல முதுகு, வெள்ளிப் பளபளப்பான வயிறு, இரண்டு பக்கமும் புலிவரி போல நீலப் பட்டைகள். உயிர் போன சிறிது நேரத்தில் அந்தப் பட்டைகள் மங்கிவிடும். 2005-இல் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் கடலில் பிடிபட்ட 83.46 கிலோ மீன்தான் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் பதிவேட்டில் உள்ள மிகப் பெரிய வாகூ.

வஞ்சிரத்துக்குப் போடும் தூண்டில் இதற்கு ஏன் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: பல்லும் வேகமும். வாகூவின் தாடைகளில் முக்கோண வடிவப் பற்கள் இடைவெளி இல்லாமல் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றின் ஓரமும் நுண்ணிய அரம்போல் இருக்கும். வாகூவுக்கு மேல்தாடையும் அசைவதால், கத்தரிக்கோலின் இரு அலகுபோல் வாய் மூடுகிறது. தடித்த தங்கூஸ் நைலான் நூல்கூட ஒரே கடியில் துண்டாகிவிடும். வேகத்தைப் பொறுத்தவரை, தூண்டிலில் மாட்டிய வாகூ நூலை இழுத்துக்கொண்டு ஓடிய விரைவை அளந்து 1964-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். மணிக்கு ஏறத்தாழ 77 கிலோமீட்டர். சில நொடிகள் மட்டுமே நீடிக்கும் பாய்ச்சல் அது. ஆனால் கடித்த அந்தச் சில நொடிகளில்தான் நூல் அறுவதா நிற்பதா என்பது முடிவாகிறது.

இந்த மீனைத் தேடிப் போகும் இடங்களில் பஹாமாஸ் தீவுகள் முன்னணியில் நிற்கின்றன. அங்கே கடலின் அடி அமைந்திருக்கும் விதமே அதற்குக் காரணம். தீவுகளைச் சுற்றிலும் பத்து மீட்டர்கூட ஆழமில்லாத சுண்ணாம்பு மேடை பரந்து கிடக்கிறது. அதன் விளிம்பில் சுவர்போலச் சரிந்து, அடி ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய்விடுகிறது. ஆண்ட்ராஸ் தீவின் கிழக்கே ‘பெருங்கடலின் நாக்கு’ எனப்படும் பள்ளத்தில் படகிலிருந்து பார்த்தாலே வெளிர்பச்சை நீர் முடிந்து கருநீலம் தொடங்கும் கோடு தெரியும். வற்றம் மேடையின் நீரை வெளியே இழுக்கும்போது சிறு மீன்களும் அதோடு விளிம்புக்கு வருகின்றன. வாகூ அங்கே காத்திருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே பருவம். பௌர்ணமியை ஒட்டிய நாட்களையும், வெள்ளாப்பு நேரத்தையும், பொழுது சாயும் நேரத்தையும் மீன்பிடிப்போர் பெரிதும் நம்புகிறார்கள்.

விளிம்பு மைல்கணக்கில் நீள்கிறது. வாகூவோ சூரையைப் போலப் பெருங்கூட்டமாகத் திரியாது. தனியாகவோ சிறு குழுவாகவோதான் வரும். ஓரிடத்தில் நின்று காத்திருந்தால் நாள் வீணாகும். எனவே பஹாமாஸ் படகுகள் இரையை மணிக்கு 22 முதல் 30 கிலோமீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு, விளிம்பின் ஆழமான பக்கத்துக்கும் ஆழம் குறைந்த பக்கத்துக்கும் மாறி மாறி வளைந்து செல்கின்றன. சாதாரண இழுவைத் தூண்டிலைப் போல இரண்டு மடங்கு வேகம் இது. குறைந்த நேரத்தில் நிறையக் கடலைத் தேட முடிகிறது. இவ்வளவு வேகமாக ஓடும் இரையைப் பெரும்பாலான மீன்கள் விட்டுவிடும். வாகூவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இந்த வேகத்தில் இரை நீர்ப்பரப்பில் துள்ளிக் குதிக்காமல் கீழே ஓட வேண்டும். அதற்காக நூலில் அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரையிலான நீண்ட ஈயத்தைக் கோக்கிறார்கள். அதன் பின்னால் பத்து மீட்டர் நீளத்துக்குத் தடித்த தங்கூஸ். மீன் மோதும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக அது. ரீலில் சுற்றியிருக்கும் முறுக்கு நூலுக்கு நீட்சி கிடையாது என்பதால் இந்தத் தங்கூஸே மெத்தையாகிறது. அதற்கும் பின்னால், பல் படும் இடத்தில், பல இழை முறுக்கிய எஃகுக் கம்பி. கம்பியின் முனையில் தோட்டா வடிவத் தலையும் பாவாடைபோல் விரியும் ரப்பர் இழைகளும் கொண்ட போலி இரை. ஊதா கலந்த கறுப்பு, சிவப்பு கலந்த கறுப்பு ஆகிய அடர் நிறங்களை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வெளிச்சத்தின் எதிரே நிழலுரு தெளிவாகத் தெரிய வேண்டும்.

முள் எங்கே இருக்கிறது என்பது நிறத்தைவிட முக்கியம். வாகூ தன் இரையின் வாலை முதலில் வெட்டி, ஓட முடியாமல் செய்துவிட்டுத் திரும்பி வந்து விழுங்கும் பழக்கம் கொண்டது. தலையருகே மட்டும் முள் இருந்தால் பாதி இரைதான் திரும்பி வரும். ஆகவே இரட்டை முள் கட்டி, பின்முள்ளை இழைகளின் கடைசி வரை தள்ளி வைக்கிறார்கள். முறுக்கைத் தடுக்கும் சுழலி பளபளவென்றிருந்தால் அதையே இரையென்று கடித்து மேல்நூலை அறுத்துவிடும். அதனால் கறுப்புச் சுழலிதான் பாதுகாப்பு.

எல்லோரும் இந்த வேகத்தில் ஓடுவதில்லை. முரல் மீனைக் கம்பியில் கோத்து, மணிக்கு 11 முதல் 16 கிலோமீட்டரில் இழுப்பவர்களும் உண்டு. நீரின் அழுத்தத்தால் இரையைக் கீழே இழுத்துச் செல்லும் தகடு அதற்குத் துணை. உதடு வைத்த முங்கும் போலி மீன்களும் வாகூவுக்கு நன்றாகப் பயன்படுகின்றன. ஹவாயின் கோனா கரையில் நாற்பது பாகம் ஆழத்தில் ஓடும் விளிம்பை ஒட்டியே ஓனோவைத் தேடுகிறார்கள். கலிபோர்னியாவின் சான் டியாகோவிலிருந்து பல நாள் பயணமாக மெக்சிகோ கடலுக்குப் போகும் படகுகள், முதலில் இழுவைத் தூண்டிலில் ஒரு மீன் கடித்ததும் நின்று, கனமான உலோக இரைகளை வீசி மிக வேகமாகச் சுற்றி இழுக்கின்றன. மிதக்கும் மரக்கட்டையோ அறுந்த வலைப் பந்தோ எதிர்ப்பட்டால் அதைச் சுற்றி ஒரு முறை இழுத்துப் பார்க்காமல் போகும் படகு குறைவு.

மீன் கடித்ததும் இயந்திரத்தை நிறுத்துவது பெரிய தவறு. வேகமாக இழுத்த முள் தாடையில் அகலமாகத் துளை போட்டிருக்கும். நூல் ஒரு கணம் தளர்ந்தாலும் முள் கழன்று விழும். மீன் திசை மாறிப் படகை நோக்கியே பாய்வதும் உண்டு. எனவே வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, மெதுவாக முன்னே நகர்ந்துகொண்டே ரீலைச் சுற்ற வேண்டும். மற்ற தூண்டில்களை உடனே உள்ளே இழுக்காமல் சற்று விட்டுவைத்தால், கூட வந்த இன்னொன்றும் மாட்ட வாய்ப்புண்டு. ஈயம் கோலின் நுனிக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் ரீலில் சுற்ற முடியாது. மீதமுள்ள தங்கூஸைக் கையுறை போட்ட ஒருவர் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க வேண்டும். அதைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மீன் கடைசி முறை பாய்ந்தால் விரல் போய்விடும். வளைகொக்கியைத் தலைக்குப் பின்னால் பாய்ச்சி ஒரே தூக்கில் ஏற்றி, நேராகப் பெட்டிக்குள் தலைமுதலாக விட்டு மூடிவிட வேண்டும். தளத்தில் துள்ளும் வாகூவின் பல்லும், அதன் வாயில் ஆடும் இரண்டாவது முள்ளும் காலை ஆழமாகக் கிழித்துவிடும்.

அறுக்கும்போது இரைப்பைக்குள் பழுப்பு நிறத்தில் பருத்த தட்டைப்புழுக்கள் இருக்கக் காணலாம். ஹிருடினெல்லா என்ற அவை இரைப்பையில் வாழ்பவை, சதையைக் கெடுப்பதில்லை. ஆபத்து வெயிலில்தான் இருக்கிறது. வஞ்சிரம், சூரை போல வாகூவும் சூட்டில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சமைத்தாலும் அது போகாது, உண்டவருக்கு முகச்சிவப்பும் தலைவலியும் வரும். பிடித்த உடனே செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, குடலை நீக்கி, ஐஸை மேலும் கீழும் நிரப்பி வைப்பது அதற்காகவே. வெண்மையான சதையில் கொழுப்பு குறைவு. கனத்த துண்டங்களாக வெட்டி, நடுப்பகுதி வெந்ததும் இறக்கிவிட வேண்டும். கூடுதலாக வைத்தால் சக்கையாகிவிடும்.